மதியம் கால நீட்ட ஒரு ரூம்: திவானா, சோஃபா கம் பெட்டா, டேபெட்டா?

உங்க கேள்விய சுருக்கி சொல்லிட்டு ஆரம்பிக்கிறேன், மத்தவங்களுக்கும் புரியணும்ல. க்ரோம்பேட்டைல மூணாவது மாடி ஃப்ளாட், ரெண்டு பெட்ரூம் போக 9க்கு 8 அடில ஒரு குட்டி ரூம், ஜன்னல் மேற்க பாத்து இருக்கு, இப்போதைக்கு அட்டப்பெட்டியும் யாரும் ஏறாத டிரெட்மில்லும் கெடக்குது. அத மதியம் கதவ சாத்திக்கிட்டு நீங்களோ 68 வயசு அம்மாவோ கொஞ்ச நேரம் கால நீட்டுற மாதிரி, சாயந்தரம் சாஞ்சு உக்காந்து படிக்கிற மாதிரி, எப்பவாவது ஊர்லருந்து ஒருத்தர் வந்தா ராத்திரி படுக்குற மாதிரி மாத்தணும். திவான் வாங்கவா, சோஃபா கம் பெட் வாங்கவா, டேபெட்னு, பகல்ல சோஃபா மாதிரி சாஞ்சு உக்காரவும் கால நீட்டி படுக்கவும் ஆகுற ஒத்தக் கட்டில் விக்கிறாங்களே அதுவா, அடில ஸ்டோரேஜ் வெக்கலாமா, கடைசியா வால்பேப்பரும் ஃபால்ஸ் சீலிங்கும் பண்ணலாமான்னு கேட்டிருக்கீங்க.

வீடுகளுக்கு மர வேல, இன்டீரியர் வேல எடுத்து செய்யுறவன் நான், அதனால கட பக்கம் இருந்து இல்லாம செய்யுற பக்கம் இருந்து சொல்றேன். நேரடி பதில்: 75க்கு 33 இன்ச்சுல, ரெண்டு முனைலயும் ஒரே ஒசரத்துக்கு கை வெச்சு, பின்னாடி முதுகுப் பலகையோட, அடில ஒண்ணுமே இல்லாம நாலு காலோட நிக்கிற ஒரு டேபெட்ட கார்பெண்டர்கிட்ட சொல்லி செஞ்சுக்கோங்க. ஸ்டோரேஜ் வேண்டவே வேண்டாம். இதுல கடைசி விஷயத்துக்குத்தான் எல்லாரும் சண்டைக்கு வருவாங்க, அதையே மொதல்ல பேசிடலாம்.

ஃப்ளாட்ல எடம் பத்தாது, அதனால கட்டிலுக்கு கீழ பெட்டி மாதிரி அடச்சு போர்வை, பழைய துணி, கொலு பொம்மைனு எல்லாத்தையும் போட்டு வெக்கிறது நம்ம ஊர் வழக்கம், பெட்ரூம் கட்டிலுக்கு அது சரிதான் நான் தப்பு சொல்லல. ஆனா நீங்க கேக்குறது பகல்ல கதவ சாத்திட்டு படுக்குற எடம். அதுக்கு அடில எது வெச்சாலும் பகல்ல அத எடுக்க யாராவது உள்ள வருவாங்க, வந்தா படுத்திருக்குறவங்க எந்திரிக்கணும், "கொஞ்சம் எந்திரிம்மா அந்த பெட்ஷீட்ட எடுத்துட்டு போயிடுறேன்"னு ஒரு தடவ சொன்னா அன்னைக்கு தூக்கம் போச்சு. அப்புறம் அந்த ரூம் திரும்ப குடோன்தான். இஸ்திரிக்கு போட வேண்டிய துணி மூட்டை மொதல்ல வரும், அப்புறம் ஸ்டெபிலைசர் அட்டப்பெட்டி வரும், ஆறு மாசத்துல டேபெட்டே துணி காயப்போடுற எடமாயிடும். ஓய்வு எடுக்குற ரூம்னு ஆசையா பண்ணி நாசமா போன ரூம்ங்கள்ல பாதி இப்படித்தான் போகுது, கட்டில் சரியில்லாம போறது கம்மி. இன்னொண்ணு, க்ரோம்பேட்டை கடல்லருந்து ரொம்ப தூரம் இல்ல, காத்துல ஈரம் எப்பவும் இருக்கும், நாலு பக்கமும் அடச்ச பெட்டிக்குள்ள ஐப்பசி கார்த்திகைல பூஞ்சை வாடை வரும், அந்த வாடை மெத்தைல ஏறும். தரைலருந்து 7, 8 இன்ச் காலியா விட்டா வெளக்கமாறும் மாப்பும் உள்ள போகும், காத்தும் போகும்.

இப்போ சோஃபா கம் பெட். இத ஒரே வரில தள்ளிடலாம்: 20 நிமிஷம் படுக்குறதுக்காக யாரும் அத இழுத்து விரிக்க மாட்டாங்க. வாங்குன மாசம் விரிப்பீங்க, அப்புறம் மடிச்சபடியே அதுலயே கால கொறுக்கிக்கிட்டு படுப்பீங்க. விரிச்சாலும் நடுவுல ஒரு மடிப்பு வரும், அது சரியா இடுப்புல உக்காரும். வருஷத்துக்கு நாலு நாள் வர்ற விருந்தாளிக்காக வருஷம் பூரா நீங்க முதுகு வலியோட இருக்கணும்னு ஒண்ணும் இல்லியே. ஹால்ல போட வேற எடமே இல்லாதவங்களுக்கு அது ஓகே, உங்களுக்கு தனி ரூம் இருக்கு.

திவான் பரவால்ல. நம்ம வீடுகள்ல பல காலமா இருக்குறதுதான், 6 அடிக்கு 3 அடினு ரெடிமேடா கெடைக்கும், கையில்லாம முதுகில்லாம சும்மா ஒரு மேடை மாதிரி இருக்கும், செவுத்தோரமா போட்டு ரெண்டு திண்டு வெச்சா உக்காரலாம். இதுல ரெண்டு கொற. ஒண்ணு, 72 இன்ச் நீளம்னா அஞ்சே முக்கா அடிக்கு மேல இருக்குற ஆளுக்கு தலகாணி வெச்சதும் கால் வெளிய தொங்கும், அதனாலதான் 75 சொன்னேன். ரெண்டாவதுதான் பெரிய கொற, அகலம். இத கொஞ்சம் விளக்கமா சொல்லணும் ஏன்னா டேபெட் விஷயத்துல சூட்சுமமே இதுலதான் இருக்கு.

படுக்குறதுக்கு 36 இன்ச் அகலம் வேணும்னு சிங்கிள் மெத்தைய பாத்து எல்லாரும் முடிவு பண்றாங்க. ஆனா உக்காருறதுக்கு வேண்டிய ஆழம் வேற. முதுகு பின்னாடி சாஞ்சிருக்கணும், முட்டி விளிம்புல மடங்கணும், பாதம் தரைல படணும், இது மூணும் நடக்கணும்னா அஞ்சடி அஞ்சடி ரெண்டு இன்ச் இருக்குற நம்ம அம்மாங்களுக்கு 18லருந்து 20 இன்ச் ஆழம் போதும். 36 இன்ச்ல உக்காந்தா ஒண்ணு முதுகு அந்தரத்துல நிக்கும், இல்லன்னா பின்னாடி போயி சாஞ்சா கால் ரெண்டும் கொழந்த மாதிரி முன்னாடி நீட்டிக்கிட்டு இருக்கும். கடைல போட்டோக்கு குஷன் குஷனா அடுக்கி வெச்சிருப்பாங்களே, அது அழகுக்கு இல்ல, இந்த 36ஐ 22 ஆக்குறதுக்குத்தான். 33 இன்ச் வெச்சா பின்னாடி 9 இன்ச் தடிமனுக்கு ஒரு நீள திண்டு போட்டதும் 24 வரும், முதுகுக்கு ஒரு சின்ன தலகாணி சேத்தா 20க்கு வந்துடும். படுக்கும்போது திண்ட எடுத்துட்டா முழு 33 கெடைக்கும், ஒரு ஆளு ராத்திரி பூரா புரண்டு படுக்க அது போதும். விருந்தாளியே வேணாம், பகல் தூக்கம் மட்டும்தான்னா 30க்கே போயிருப்பேன். மெத்தை கிடைக்குமான்னு பயப்பட வேணாம், குஷன் கடைல எந்த அளவு சொன்னாலும் வெட்டி தச்சு தருவாங்க, சிங்கிள் பெட்ஷீட் 60க்கு 90 இன்ச் தாராளமா மூடி மடிச்சு சொருக வரும்.

அந்த திண்டு பத்தி ஒரு வார்த்த. உருண்ட திண்டு பாக்க நல்லா இருக்கும், ஆனா சாஞ்சா உருளும். பின்பக்கம் தட்டையா, முன்பக்கம் லேசா சரிவா ஆப்பு வடிவத்துல தைக்க சொல்லுங்க, உள்ள ரீபாண்டட் ஃபோம், அதாவது துண்டு ஃபோம அழுத்தி ஒட்டுன கெட்டி ரகம், போட சொல்லுங்க. கால் முட்டிக்கு கீழ வெக்கிறதுக்கு மட்டும் ஒரு உருண்ட திண்டு தனியா, அம்மாவுக்கு முட்டி வலின்னு சொல்லியிருக்கீங்க, மல்லாந்து படுக்கும்போது முட்டிக்கு அடில அத குடுத்தா இடுப்பும் சேந்து தளரும்.

அம்மாவ வெச்சுதான் ஒசரத்தையும் முடிவு பண்ணணும். இன்ஸ்டாகிராம்ல வர்ற டேபெட் எல்லாம் தரையோட தரையா 12, 13 இன்ச்ல இருக்கும், சின்ன பசங்களுக்கு ஸ்டைலா இருக்கும், முட்டி வலிக்காரங்க உக்காந்தா எந்திரிக்க ரெண்டு பேர் வேணும். மெத்தைல ஆள் உக்காந்து அது அமுங்கினதுக்கு அப்புறம் 18 இன்ச் இருக்கணும். அளக்கும்போது எல்லாரும் ஆள் உக்காராம அளந்துடுவாங்க, 5 இன்ச் மெத்தை ஒரு இன்ச்சாவது அமுங்கும். அதனால சட்டம் 14, மெத்தை 5, மொத்தம் 19, உக்காந்தா 18. கை இருக்குல்ல, அது மெத்தைலருந்து 8, 9 இன்ச் ஒசரத்துல உள்ளங்கை பதியுற அளவுக்கு தட்டையா, ஊனி எந்திரிச்சா ஆடாத மாதிரி இருக்கணும், மெலிசா கம்பி கம்பியா வெக்க விடாதீங்க.

கை ரெண்டு முனைலயும் ஒரே மாதிரி இருக்கணும்னு ஏன் சொன்னேன்னா, கட்டில் போட்ட அன்னைக்கே வீட்ல ஒருத்தர் வந்து இந்த திசைல தலை வெச்சு படுக்கக் கூடாதுன்னு ஆரம்பிப்பாங்க. நம்புறீங்களோ இல்லியோ வீட்டுக்குள்ள அமைதி முக்கியம். தலைமாடு கால்மாடுன்னு இல்லாம செஞ்சுட்டா தலகாணிய இந்த முனைலருந்து அந்த முனைக்கு மாத்துனா போதும், கட்டில தூக்கி திருப்ப வேணாம். சாயந்தரம் ஜன்னல் வெளிச்சம் மூஞ்சில அடிச்சாலும் இதே வசதி.

மரம்னு வந்தா, தேக்கு முடிஞ்சா தேக்கு, இல்லன்னா நல்லா காஞ்ச வேம்போ வாகையோ போதும், சட்டம் மட்டும் கெட்டி மரத்துல இருக்கட்டும். மேல படுக்கைக்கு பலகை அடச்சு மூடாம குறுக்கு சட்டம் போட சொல்லுங்க, சட்டத்துக்கு சட்டம் இடைவெளி 3 இன்ச்சுக்கு மேல போனா ஃபோம் மெத்தை அதுக்குள்ள எறங்கும். ப்ளைவுட்தான் போடுவேன்னு கார்பெண்டர் அடம் பிடிச்சா ஐஎஸ் 710 முத்திரை இருக்குற மரைன் ப்ளை 18 மில்லிமீட்டர், அதுல ஒரு இன்ச் ஓட்டை அங்கங்க போட்டு காத்து போக வழி பண்ணணும். பார்ட்டிக்கிள் போர்டுல, அதாவது மரத்தூள அழுத்தி ஒட்டுன பலகைல வர்ற ஆன்லைன் சரக்கு மூட்டுக்கு மூட்டு திருகு பிடிக்கிற எடத்துல தளர்ந்துடும், ஒரு தடவ தண்ணி பட்டா ஊதிக்கும், நம்ம வீட்ல மாப் போடாத நாள் உண்டா. இரும்பு டேபெட் வாங்குறதா இருந்தா உக்காந்து இப்படி அப்படி ஆட்டி பாருங்க, கிரீச்னு சத்தம் வந்தா வேணாம், பகல் தூக்கம் லேசான தூக்கம், புரண்டா வர்ற சத்தத்துக்கே முழிப்பு வந்துடும். கால் அடில ரப்பர் புஷ் மறக்காம போடுங்க.

பிரம்பு பின்னல் வெக்கலாமான்னு நெறய பேர் கேப்பாங்க, நீங்க கேக்கல ஆனா கார்பெண்டர்கிட்ட போனா அவரே கேப்பாரு. முதுகுப் பலகைக்கு பிரம்பு அருமையா இருக்கும், காத்து உள்ள வரும், சாஞ்சா வேர்க்காது. நாளாக ஆக கொஞ்சம் தொய்யும், அப்போ பின்பக்கம் ஈரத்துணியால நல்லா நனச்சு நிழல்ல காயவிட்டா திரும்ப விறைச்சுக்கும். படுக்கைக்கே பிரம்பு போடாதீங்க, சின்ன பசங்க ஏறி குதிச்சா கிழியும். நாடா கட்டில், கயித்துக் கட்டில் இது ரெண்டும் கோடைக்கு ராஜா, அடிலருந்தும் காத்து வரும், ஆனா நடுவுல தொய்வு விழும், முதுகு முட்டி வலி இருக்குறவங்களுக்கு ஒத்து வராது, உக்காருறதுக்கும் விளிம்பு சட்டம் தொடைல அழுத்தும்.

மெத்தை. இங்க ஒரு கொழப்பம் இருக்கு, 40 டென்சிட்டின்னா கெட்டி, 32ன்னா மெத்துனு இருக்கும்னு கடைக்காரரே சொல்லுவாரு. டென்சிட்டிங்குறது ஒரு கன மீட்டர்ல எத்தன கிலோ சரக்கு இருக்குங்குறது, அது எத்தன வருஷம் குழி விழாம தாங்கும்னு சொல்லும், கெட்டியா மெத்தா அப்படிங்குறது தனி கணக்கு. அதனால நம்பர கேட்டுட்டு கண்டிப்பா உக்காந்தும் பாருங்க. டேபெட்ல முன் விளிம்புலயே தெனம் உக்காருவோம், அங்கதான் மொதல்ல குழி விழும், சாதா படுக்கை மெத்தை அதுக்கு செஞ்சது இல்ல. நான் போடுறது கீழ 2 இன்ச் ரீபாண்டட், மேல 3 இன்ச் 40 டென்சிட்டி ஃபோம். மெமரி ஃபோம் வேணாம், சென்னை வெயில்ல ஒடம்பு சூட்ட பிடிச்சு வெச்சுக்கும், ஏசி ரூமுக்குத்தான் அது.

இலவம்பஞ்சு ஆசை இருந்தா அத மெத்தையா போடாம, மேல விரிக்கிற ஒரு மெலிசான பஞ்சு விரிப்பா தச்சுக்கோங்க. தேனி பக்கம் போடிநாயக்கனூர்ல இன்னும் இலவம்பஞ்சு மெத்தையும் தலகாணியும் தொழிலா நடக்குது, அங்கருந்து வாங்குனா கலப்படம் பத்தின கவல கொறவு. இலவம்பஞ்சு நாருக்குள்ள காத்து நெறஞ்சிருக்கும், அதனாலதான் ஒரு காலத்துல கப்பல்ல போடுற லைஃப் ஜாக்கெட்டுக்குள்ள கூட அத அடச்சாங்க. ஆனா தெனம் உக்கார உக்கார தட்டையாயிடும், அப்பப்போ மொட்ட மாடி வெயில்ல போட்டு தட்டி எடுக்கணும், தண்ணில மட்டும் நனைக்கவே கூடாது, கட்டி கட்டியா ஆயிடும். கோடைல அதுக்கும் மேல ஒரு பத்தமடைப் பாய விரிச்சு படுத்து பாருங்க, தாமிரபரணி கோரைல நெய்யுறது, மெலிசு ரகம் துணி மாதிரி மடங்கும், முதுகு வேர்க்காது. ஏசி வேணுமாங்குற கேள்வியே பாதி நாள் வராது.

விரிப்புக்கு வெல்வெட்டு, ரெக்சின் ரெண்டும் வேணாம். பவானி ஜமக்காளம் ஒண்ணு வாங்கி மேல போடுங்க, கெட்டி நூல், உக்காந்து எந்திரிச்சாலும் சுருங்கி ஓரத்துக்கு போகாது, அந்த கோடு கோடு கலருக்கு அழுக்கும் தெரியாது. படுக்கும்போது அது கொஞ்சம் சொரசொரன்னு இருக்கும், அதனால சென்னிமலை பெட்ஷீட் ஒண்ண மடிச்சு பக்கத்துல வெச்சுக்கோங்க, படுக்கும்போது விரிச்சுக்கலாம்.

சரி, கட்டில் முடிஞ்சுது. ஆனா உண்மைய சொன்னா உங்க ரூம்ல கட்டில் ரெண்டாவது பிரச்சன. மொத பிரச்சன மேற்கு ஜன்னல். நீங்க படுக்க போற நேரம் மதியம் ரெண்டு மணி, சரியா அப்பலருந்து அஞ்சரை வரைக்கும் வெயில் அந்த கண்ணாடி வழியாவும் செவுத்து மேலயும் அடிக்கும். செவுரு வாங்குன சூட்ட ராத்திரி எட்டு ஒம்போது வரைக்கும் உள்ள விட்டுக்கிட்டே இருக்கும். கனமான கருப்பு கர்ட்டன் போட்டா சரியாயிடும்னு நெனைக்கிறாங்க, வெளிச்சம் போகும், சூடு போகாது, ஏன்னா வெயில் ஏற்கனவே கண்ணாடிய தாண்டி உள்ள வந்து கர்ட்டன சூடாக்கிடுச்சு, அந்த சூடு ரூமுக்குள்ளதான எறங்கும். கண்ணாடிக்கு வெளியவே நிறுத்தணும். மூங்கில் தட்டிய ஜன்னலுக்கு வெளிய கட்டி சுருட்டி எறக்குற மாதிரி பண்ணுனா வித்தியாசம் அன்னைக்கே தெரியும். அசோசியேஷன்ல வெளிப்பக்கம் கட்ட விட மாட்டாங்கன்னா கண்ணாடில சன் கன்ட்ரோல் ஃபிலிம் ஒட்டி, உள்பக்கம் வெள்ளை லைனிங் வெச்ச கர்ட்டன் போடுங்க, வெள்ளைப் பக்கம் கண்ணாடிய பாத்து இருக்கணும். வெட்டிவேர் தட்டி கட்டி தண்ணி தெளிக்கலாம்னு யாராவது சொல்லுவாங்க, மதுரை திருச்சி மாதிரி காஞ்ச காத்து இருக்குற ஊர்ல அது ஜோரா வேல செய்யும், சென்னைல காத்துலயே ஈரம் இருக்குறதால குளுமை கம்மி, வாசனை மட்டும் மிச்சம், சரியா காயலன்னா பூஞ்சையும் வரும்.

அதனால டேபெட்ட மேற்கு செவுத்தோட ஒட்டி ஜன்னலுக்கு கீழ போடாதீங்க, படத்துல அதுதான் அழகா தெரியும், நம்ம ஊர்ல அது அடுப்பு மேல படுக்குறதுதான். நீங்க அனுப்புன ப்ளான்ல 9 அடி செவுரு வடக்கும் தெக்கும், கதவு கிழக்கு செவுத்துல தெக்கு ஓரம். வடக்கு செவுத்தோட நீளவாக்குல போடுங்க. 108 இன்ச்ல சட்டம், கை எல்லாம் சேத்து 80 போனாலும் 28 மிச்சம், அந்த மிச்சத்த மேற்கு செவுரு பக்கம் விட்டு ஒரு சின்ன டீப்பாய் போட்டுக்கலாம். இன்னொரு பக்கம் 96ல 35 போனா 61 இன்ச் காலி, கதவு தெறந்து மூட தாராளம். அந்த காலி எடத்த காலியாவே விடுங்க. புக் ஷெல்ஃப் வேணும்னா மேற்கு செவுத்துல ஜன்னலுக்கு பக்கத்துல, செவுத்துலருந்து ரெண்டு இன்ச் தள்ளி, சூடு நேரா மேல படாம அது மறைக்கும். டிரெட்மில்லு போகட்டும், இது ரூமுக்காக இல்ல உங்க நிம்மதிக்காக சொல்றேன், அத பாத்துக்கிட்டே படுத்தா தூக்கம் வராது.

ஃபேன் இந்த அளவு ரூமுக்கு 48 இன்ச் தேவையில்ல, 36 இன்ச், அதாவது 900 மில்லிமீட்டர் போதும். பிஎல்டிசி மோட்டார் வெச்சது வாங்குனா கரண்ட் சாதா ஃபேன்ல பாதிக்கும் கம்மி, அதவிட முக்கியமா ரிமோட் வரும், படுத்தபடி கொறைக்கலாம் கூட்டலாம், முட்டி வலிக்காரங்க ரெகுலேட்டருக்காக எந்திரிக்க வேணாம். நேரா மூஞ்சிக்கு மேல வராம ரூம் நடுவுல இருக்கட்டும். கதவ சாத்திட்டா ஃபேன் அதே காத்தத்தான் சுத்தி சுத்தி அடிக்கும், அதனால ஜன்னல் தெறந்திருக்கணும், ஜன்னல் தெறந்தா சாயந்தரம் அஞ்சரைக்கு கொசு. கொசுவல பண்ணாம இந்த ரூம் சாயந்தரம் படிக்க உதவவே உதவாது, கட்டில் வாங்குறதுக்கு முன்னாடியே ஜன்னலுக்கு மெஷ் போட்டுடுங்க, வெல்க்ரோ ரகம் சல்லிசு, கழட்டி தொவைக்கலாம்.

லைட்டு விஷயத்துல நம்ம வீடுகள்ல செய்யுற ஒரே தப்பு, சீலிங் நடுவுல ஒரு பளிச்னு வெள்ள லைட்டு. நின்னுக்கிட்டு இருக்குறவங்களுக்கு அது சரி, படுத்தா நேரா கண்ணுல குத்தும். செவுத்துல தலைமாட்டுப் பக்கம் மெத்தைலருந்து ஒரு ரெண்டடி ஒசரத்துல, தோளுக்கு பின்னாடி வர்ற மாதிரி, 2700 கெல்வின் மஞ்ச வெளிச்சம் ஒரு வால் லேம்ப். ஸ்விட்ச்சு கை எட்டுற தூரத்துல, கதவுகிட்ட ஒண்ணு கட்டில்கிட்ட ஒண்ணுன்னு டூ வே. சார்ஜர் பாயிண்ட்ட மட்டும் வேணும்னே கை எட்டாத எடத்துல வெக்க சொல்லுவேன், போன் கையில இருந்தா 20 நிமிஷ தூக்கம் ஒரு மணி நேர ரீல்ஸா மாறிடும்.

தூக்கம்னு வந்ததால சொல்றேன், பகல் தூக்கம் 20, 30 நிமிஷத்தோட நின்னா சுறுசுறுப்பு, ஒரு மணி நேரத்துக்கு மேல போனா ஆழ்ந்த தூக்கத்துலருந்து பாதில எந்திரிக்கிறதால தலை கனம். நீண்ட தூரம் விமானம் ஓட்டுற பைலட்டுங்கள வெச்சு நாசா பண்ண ஆராய்ச்சி ஒண்ணு உண்டு, 40 நிமிஷம் ஓய்வு குடுத்ததுல அவங்க சராசரியா தூங்குனது 26 நிமிஷம், அதுக்கே கவனமும் வேகமும் நல்லா கூடியிருந்துச்சு. அதனால ரூம்ல கும்மிருட்டு வேணாம், லேசா வெளிச்சம் இருக்கட்டும், மூணு மணிக்கு மேல படுக்காம இருந்தா ராத்திரி தூக்கம் கெடாது. அம்மா ராத்திரி தூக்கம் வரலன்னு சொல்றவங்கன்னா இது அவங்களுக்கு ரொம்பவே பொருந்தும்.

சத்தம். கதவு ஃப்ளஷ் டோரா, தட்டி பாத்தா டொக்கு டொக்குன்னு வெத்து சத்தம் வருதா? அப்படின்னா மிக்ஸி, டிவி எல்லாம் உள்ள வரும். கதவ மாத்துறது செலவு, அதுக்கு முன்னாடி சட்டத்துல சுத்தி ரப்பர் பீடிங் ஒட்டி பாருங்க, சத்தம் பாதி வர்றது கதவு பலகை வழியா இல்ல, இடுக்கு வழியாதான். கனமான கர்ட்டன் வெளி சத்தத்த நிறுத்தாது, ரூமுக்குள்ள இருக்குற எதிரொலிய மட்டும் கொறைக்கும், அதையும் தரைல ஒரு ஜமக்காளம் விரிச்சாலே செஞ்சுடும்.

ஆனா தனிமைங்குறது கதவோட முடியுற விஷயம் இல்ல. நம்ம வீடுகள்ல பகல்ல படுக்குறதுக்கு எடம் இல்லாதது முக்கியமா பொம்பளைங்களுக்குத்தான், ஹால்ல படுத்தா காலிங் பெல்லு அடிச்சதும் எந்திரிக்கணும், பெட்ரூம்ல படுத்தா பசங்க பீரோ தெறக்க வருவாங்க, அதனாலதான் எத்தனையோ அம்மாங்க சமையக்கட்டு வாசல்ல முந்தானைய தலைக்கு வெச்சு வெறும் தரைல படுக்குறாங்க. பழைய வீட்டுல தெரு பக்கம் திண்ணை இருந்துச்சு, சிமெண்ட்லயே சரிவா தலமாடு கட்டி ரெட் ஆக்ஸைடு பூசி அவ்ளோ சொகமா இருக்கும், அதுல மதியம் கால நீட்டி படுத்தது யாருன்னா பெரும்பாலும் தாத்தாங்கதான், பாட்டிக்கு தாழ்வாரம் மூலை. அதனால நீங்க வேல பாக்குறதுக்கும் அதே ரூம யூஸ் பண்ணலாம்னு கடைசி வரில எழுதியிருந்தீங்கல்ல, அத நான் ஒத்துக்க மாட்டேன். ஒரு டேபிள் உள்ள வந்தா மதியம் ரெண்டு மணிக்கு உங்களுக்கு மீட்டிங் இருக்கும், அம்மா திரும்ப ஹாலுக்கு போயிடுவாங்க, கேட்டா "எனக்கு எங்க படுத்தா என்ன"ம்பாங்க. லேப்டாப் உங்க பெட்ரூம்லயே இருக்கட்டும். ரெண்டுலருந்து மூணு அம்மாவுக்கு, நீங்க அதுக்கு முன்னாடி, அந்த நேரம் யாரும் தட்டக் கூடாதுன்னு வீட்ல இருக்குற எல்லார்கிட்டயும் சொல்லிடுங்க. கதவுக்கு உள்பக்கம் தாப்பா வெச்சாலும் 68 வயசுக்காரங்க படுக்குற ரூம்ங்குறதால வெளிய இருந்தும் தெறக்குற ரகமா போடுங்க.

விருந்தாளி கணக்கு: ஒருத்தர் டேபெட்லயே படுக்கலாம். ரெண்டாவது ஆள் வந்தா மூணா மடிக்கிற மெத்தை ஒண்ணு வாங்கி உங்க பெட்ரூம் பரண்ல வெச்சுக்கோங்க, அந்த 61 இன்ச் காலி எடத்துல விரிக்கலாம். அடிலருந்து இன்னொரு கட்டில் இழுக்குற மாதிரி புல் அவுட் வேணும்னா செய்யலாம், ஆனா அடி அடச்சிடும், கீழ மெத்தை 4 இன்ச்சுக்கு மேல வராது, நாலு நாளுக்காக அது தேவையா பாருங்க.

நீங்க அனுப்புன படம், கையும் முதுகும் இல்லாம லெதர் குஷனோட ஓரத்துல ஒரு உருளைத் தலகாணி மட்டும் கட்டி வெச்சது, அது மீஸ் வான் டெர் ரோன்னு ஒரு கட்டடக் கலைஞர் 1930ல நியூயார்க்ல ஃபிலிப் ஜான்சன்ங்குறவர் வீட்டுக்காக டிசைன் பண்ணுனதோட காப்பி. பாக்க ரொம்ப அழகான சாமான், நானே நின்னு நின்னு பாப்பேன். ஆனா அது குளிர் ஊர் ஃப்ளாட்டுக்கு செஞ்சது, நம்ம மே மாசத்துல லெதர்ல சட்ட ஒட்டிக்கும், சாயவும் முடியாது, ஊனி எந்திரிக்கவும் கை கெடையாது. அம்மா ஒரு நாள் படுப்பாங்க, ரெண்டாவது நாள் தரைக்கு போயிடுவாங்க.

வால்பேப்பர் அந்த மேற்கு செவுத்துல ஒட்டாதீங்க, மழைக்கு வெளி செவுரு ஈரம் குடிச்சா ஓரம் ஓரமா உரியும், பின்னாடி பூஞ்சை பிடிச்சா தெரியவும் தெரியாது, வெளுத்த பச்சையோ சந்தன கலரோ பெயிண்ட் போதும். ஃபால்ஸ் சீலிங் வேணாம், ஃப்ளாட் சீலிங்கே பத்தடிக்கு கம்மிதான், அத இன்னும் எறக்குனா ஃபேனும் கீழ வரும், 72 சதுர அடி ரூம் பெட்டி மாதிரி ஆயிடும். அந்த காச தட்டிக்கும் மெஷ்ஷுக்கும் நல்ல ஃபோமுக்கும் போடுங்க. கார்பெண்டர கூப்பிடுறதுக்கு முன்னாடி ரூம காலி பண்ணி, தட்டியும் மெஷ்ஷும் போட்டு, வடக்கு செவுத்தோரமா ஒரு மெத்தைய தரைல விரிச்சு நீங்க ஒரு வாரம் மதியம் படுத்து பாருங்க, எந்த பக்கம் தலை வெச்சா வெளிச்சம் குத்துது, ஃபேன் எங்க வேணும்னு அப்பவே தெரிஞ்சிடும், அதுக்கப்புறம் அளவு குடுங்க.